கசப்புக் கஷாயமும் சர்க்கரைப் பாலும்

பேரப்பிள்ளைகள் வாய் கொப்பளிக்கத் திரிபலா கஷாயம் கொடுக்கலாமா என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். ஆறு வயது தாண்டிய பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றின் துவர்ப்புக்கும் வாய்க்கிருமியை அடக்கும் குணம் உண்டு. நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், கிருமி குறைந்திருக்கிறது. பல் டாக்டர்கள் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடினும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தொடர்ந்து கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும்.

ஆறு வயதுக்குக் கீழே வேண்டாம். சின்னப் பிள்ளை துப்பாமல் விழுங்கிவிடும். பெரிய பிள்ளைக்கும் முதலில் வெறும் தண்ணீரைக் கொடுத்து, முழுக்கத் துப்புகிறதா என்று பாருங்கள். கஷாயத்தை அன்றன்றைக்குப் போட்டு, வடிகட்டி, ஆறவைத்துக் கொடுங்கள். கசக்கிறதே என்று தேன் மட்டும் கலக்காதீர்கள்.

ஏனென்றால் சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் இனிப்பில்தான் வாழ்கிறது. 1924இல் கிலியன் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துப் பெயரிட்ட கிருமி அது. சர்க்கரையைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அதே சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். அந்தப் பசைப் படலத்துக்குள் எந்தக் கஷாயமும் எளிதில் இறங்காது. பிரஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூடவே நின்று தேய்த்துவிட வேண்டும். வீட்டில் நேரம் இருக்கிற ஆட்கள் நாம்தானே?

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவ வாயில் ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை போட்ட பாலைப் புகட்டித் தூங்கவைப்பது பெரும்பாலும் பாட்டி தாத்தாக்கள்தான். பாசத்தில் செய்வதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்த வேண்டும். பாலைக் கொடுத்து, பல் தேய்த்து, அப்புறம் படுக்கவையுங்கள்.

பால் பல்தானே, விழுந்துவிடும் என்பார்கள். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. அவற்றுக்குப் பின்னால் ஆறு வயது வாக்கில் எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். நிறைய வீடுகளில் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். இன்று ராத்திரி பிள்ளையின் வாயைத் திறந்து, பிரஷ் அங்கே வரை போகிறதா என்று பாருங்கள்.