ஐடிலிங் திருகாணியும் அட்வான்ஸ் பணமும்



வாப்பா மறைந்து ஓராண்டு கழிந்த பின்னரே, வேப்பமரத்தடியில் நின்றிருந்த அவர்களது காரை விற்றுவிடுவது என்று உம்மாவும் பிள்ளைகளாகிய நாங்களும் முடிவு செய்தோம். 1996ஆம் ஆண்டின் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின், கார்புரேட்டர் உள்ள வண்டி. காயல்பட்டினத்தின் உப்புக் காற்று அதன் அடித்தகட்டை ஆங்காங்கே அரித்திருந்தது. எனினும் ஓட்டத்தில் குறையில்லை என்றே எண்ணியிருந்தோம். விற்று வரும் தொகை வாரிசுகளுக்கு முறைப்படி பங்கிடப்பட வேண்டியது. ஆகவே நல்ல விலை கிடைக்க வேண்டும் என்ற ஆவலும் இருந்தது.

குறை இருந்தது. ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். ஒருநாள் ரயில்வே கேட்டில் காத்திருக்கையில் என்ஜின் உதறி, இரண்டு முறை இருமி, அணைந்துபோனது. கேட் திறந்த பின்பும் உடனே உயிர் பெறவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, உம்மாவை உள்ளே அமர வைத்தபடியே வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினோம்.

அருகிலிருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். மெக்கானிக் பானட்டைத் திறந்தார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருந்த திருகாணி ஒன்றை ஒன்றரைச் சுற்று உள்ளே திருகினார். உதறல் நின்றது. "விக்கத்தானே போறீங்க? வாங்குறவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த வாரமே ஓர் இளைஞர் வந்தார். அண்மையில்தான் ஓட்டுநர் உரிமம் பெற்றவர். கைக்குழந்தையையும் மனைவியையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு சிறிய வண்டி தேடிக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மகிழ்ச்சியோடு 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துச் சென்றார். அன்றிரவு உணவின்போது உம்மா ஒரே கேள்வி கேட்டார்கள்: "ரயில்வே கேட்ல நின்னு போச்சே, அத அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டியளா?"

எங்களிடம் பதில் இல்லை. பொருளின் குறையை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லி விற்பதே மார்க்கம் என்பதைச் சிறுவயதில் மதரஸாவிலேயே கற்றிருந்தோம். கடையில் அளவை குறைப்பவரைப் பற்றிப் பேசும்போது அது நினைவுக்கு வந்தது. நாமே விற்கும்போது வரவில்லை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், வாப்பா காலத்தில் இந்த வண்டியைப் பார்த்துவந்த முதிய மெக்கானிக்கைத் தேடிச் சென்றோம். ஒலியைக் கேட்டதுமே, "யாரோ ஐடிலிங்கை ஏத்தி வச்சிருக்காங்க" என்றார். எங்கள் வண்டியின் முகப்பில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. அவர் தம் மீட்டரை இணைத்துக் காட்டியபோது முள் 1,400ஐத் தொட்டு நின்றது. இத்தகைய பழைய பெட்ரோல் கார்கள் பலவற்றில், சூடேறிய என்ஜின் நிற்கும் நிலையில் நிமிடத்துக்கு 700 முதல் 1,000 சுற்றுக்குள் ஓடுவதே வழக்கம். அந்தந்த வண்டிக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் விளக்கியது இதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், கார்புரேட்டருக்குள் இருக்கும் த்ராட்டில் தகடு முற்றிலும் மூடிவிடக் கூடாது. என்ஜின் அணையாதிருக்க மயிரிழை இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பதே ஐடிலிங் திருகாணி. அதை உள்ளே திருகினால் தகடு சற்றே திறந்து, வேகம் கூடும். ஆனால் வண்டி நின்றுபோவதற்கான காரணம் வேறெங்கோ இருந்தால், அந்தக் காரணம் அங்கேயே இருக்கும். பெட்ரோல் வீணாகும். முதல் கியரில் கிளட்சை விடும்போது வண்டி முன்னே பாயும். புதிதாக ஓட்டுபவருக்கு நெரிசலான சந்தில் அது ஆபத்து. இதைக் கேட்டபோது அந்த இளைஞரின் கைக்குழந்தையே எங்கள் கண்முன் வந்தது.

ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்குகளையும் முதலில் சோதித்தார், பழுதில்லை. கார்புரேட்டருக்கு அடியில் இருந்த கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் கலவையை மெலிதாக்கியிருக்கிறது. உதறலுக்கும் அணைதலுக்கும் அதுவே மூலம். சில நூறு ரூபாயில் முடிந்த வேலை.

புதிய கேஸ்கெட் போட்ட பிறகே அவர் திருகாணியைத் தொட்டார். வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடேற்றினார். திறந்தவெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டார். சோக் முழுவதும் உள்ளே இருக்கிறதா, விளக்குகள் அணைந்துள்ளனவா என்று பார்த்தார். ஐடிலிங்கை உரிய அளவுக்கு இறக்கினார். பிறகு கலவைத் திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருகி, என்ஜின் தடுமாறத் தொடங்கியதும் மெல்ல வெளியே எடுத்து, ஓசை மிகச் சீராக ஒலித்த இடத்தில் நிறுத்தினார். அதனால் வேகம் சற்றே ஏற, மீண்டும் ஐடிலிங்கை இறக்கினார். "தொடுறதுக்கு முன்னாடி எத்தனை சுத்துன்னு எண்ணி வச்சுக்கணும். தப்பினா பழைய இடத்துக்குத் திரும்பலாம்" என்றார். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்றும் எச்சரித்தார்; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரைப் பறித்துவிடும். கணினி வழியே எரிபொருள் செலுத்தப்படும் பிற்கால வண்டிகளில் ஐடிலிங்கைக் கணினியே பார்த்துக்கொள்வதால், அங்கே திருகாணியைத் தேடிக் கைவைக்கலாகாது என்பதையும் அவரிடமே அறிந்தோம்.

அன்று மாலையே இளைஞரை வரவழைத்தோம். ரயில்வே கேட்டில் நடந்ததையும், திருகாணியை ஏற்றி மறைத்ததையும், இப்போது கேஸ்கெட் மாற்றியிருப்பதையும் சொன்னோம். அடித்தகட்டின் துருவையும் குனிந்து பார்க்கச் செய்தோம். அட்வான்ஸ் தொகையை அவர் முன் வைத்து, "வேண்டாமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தை நேராகப் பார்க்க எங்களால் இயலவில்லை.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு துருவுக்காக 3,000 ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். வாரிசுகள் எவரும் மறுப்புச் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கிளம்பும் முன் அவரே பானட்டைத் திறந்து, "அந்தத் திருகாணி எது?" என்று கேட்டார். காட்டினோம்.

சாவி கைமாறியது. வேப்பமரத்தடியில் வண்டி உதறாமல், இருமாமல், வாப்பா வைத்திருந்த காலத்தில் ஒலித்ததைப் போல ஓடிக்கொண்டிருந்தது. உம்மா வாசலில் நின்று, அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்கல் வாங்கலில் நேர்மை தவறாதவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.