கூடையின் அடி

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

தாய்மையின் பெருமையைப் பாடாத கவிஞர் இல்லை. மேடையில் அதை முழங்காத பேச்சாளரும் இல்லை. ஆனால் அந்தத் தாய்மை ஒரு பெண்ணின் உடலில் விட்டுச் செல்லும் வலியைப் பற்றி யார் பேசுகிறார்கள்? நான் என் அம்மாவின் இடுப்பு வலியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிரிக்க விரும்பும் நண்பர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் கப்பலூர். சுங்கச்சாவடி விளக்குகள் அணையுமுன்பே அம்மா மல்லிகைத் தோட்டத்தில் நிற்பார். செடி இடுப்பளவுதான், குனிந்தே பறிக்க வேண்டும். மொட்டு விரியுமுன் கூடை நிறைய வேண்டும். மூன்று பிள்ளைகளைப் பெற்ற அவருக்கு வயது 46. ஏழு ஆண்டுகளாக இடுப்பு வலி. தைலம், பெல்ட், ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. "எலும்பு தேஞ்சிருச்சு" என்றார்கள் தெருவில். "வயசாச்சுல்ல" என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கல்லூரிச் செலவு அந்தக் கூடையிலிருந்துதான் வருகிறது.

சென்ற ஆண்டு விழாவில் நான் ஒரு பரிசு வாங்கினேன். எவ்வளவு அழைத்தும் அம்மா வரவில்லை. பஸ் ஏறுவதென்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். பிறகு ஏதாவது சாக்குச் சொல்லிப் பயணத்தையே விட்டுவிடுவார். படித்தவர்கள் நடுவில் வரக் கூச்சப்படுகிறார் என்று எண்ணி, இரண்டு நாள் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இயன்முறை மருத்துவர் ஒரு பெண்மணி. இடுப்பை அழுத்திப் பார்த்தவர் மெல்லக் கேட்டார்: "இருமுனா, தும்முனா, கூடையைத் தூக்குனா லேசா சிறுநீர் கசியுதாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துத் தலையசைத்தார்.

விழாவுக்கு வராத காரணம் அந்தத் தலையசைப்பில் இருந்தது. தவளையின் உறுப்புகளைப் படம் வரைந்து பாகங்கள் குறித்தவள் நான். ஒரே பாயில் படுக்கும் அம்மாவின் உடல் எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மையார் விளக்கினார். முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தொட்டில் துணிபோல் விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கும் தசைகளுக்கு இடுப்புத்தளத் தசைகள் என்று பெயர். மேலே உதரவிதானம், சுற்றிலும் ஆழ்ந்த வயிற்றுத் தசை, பின்னே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், அடியில் இவை. நான்கும் சேர்ந்து இறுகியே சுமை தூக்கும்போது நடு உடலைத் தாங்குகின்றன. பிரசவமும், பளு தூக்குவதும், தீராத இருமலும் மலச்சிக்கலும், மாதவிடாய் நிற்கும் பருவமும் அடித்தசையைத் தளர்த்தக்கூடும். அது தளர்ந்தால் முதுகின் பாரம் கூடலாம். எங்கள் ஊரில் இடுப்பு வலி என்றாலே பிரசவ வலி என்றும் பொருள். இரண்டுக்கும் உறவு உண்டென்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

பயிற்சித் தாளொன்று கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கோ வாய்விட்டுப் படிக்க நா எழவில்லை. தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "இதுக்கா இம்புட்டு முழுங்குற? கூடைக்கு அடி விட்டுப்போனா விளிம்பைக் கட்டி என்னத்தா புண்ணியம்?" எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

பயிற்சி இதுதான். சிறுநீர் கழித்தபின், முழங்காலை மடக்கிப் படுத்து, சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, அதே அளவு தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடையும் புட்டமும் இறுகக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போதே அடக்கிப் பழகுவது தவறு.

1948-இல் அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதிய கட்டுரையால் பரவிய பயிற்சி இது. சிறுநீர்க் கசிவுக்கு இதன் பயன் உறுதியானது. இடுப்பு வலிக்கோ, வழக்கமான பயிற்சிகளோடு இதைச் சேர்த்தபோது சில ஆய்வுகளில் வலி கூடுதலாகக் குறைந்தது. சிலவற்றில் பெரிய வேறுபாடில்லை. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அதில் பெண்களே மிகுதி. நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வகுத்த நெறிகளிலும் உடற்பயிற்சிக்கு இடமுண்டு. ஆனால் தசை தளராமல் இறுகிப் போயிருப்பவர்களுக்கு இப்பயிற்சி வலியைக் கூட்டலாம். ஆகவே கற்றவரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும். கால் மரத்தாலோ, திடீரென்று சிறுநீரும் மலமும் கட்டுப்படாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மூன்று மாதம் ஆயிற்று. அம்மாவுக்கு வலி முற்றும் போகவில்லை. பூ மிகுந்த நாளில் இன்றும் சுவரைப் பிடித்தே எழுகிறார். ஆனால் மாத்திரை அட்டை முன்போல் விரைந்து தீர்வதில்லை. கசிவு பெரிதும் நின்றுவிட்டது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறார்.

தோழர்களே, தோழியரே! 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் ஓர் அங்கமாக வைக்கப்பட்டது. வைத்தியம் வீட்டு வாசல் வரை வந்தாலும், உள்ளிருப்பவர் வாய் திறக்காவிட்டால் பயனென்ன? ஏழு ஆண்டு வலிக்குள் ஒளிந்திருந்தது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க ஆளில்லை. இன்று மாலை வீடு சென்றதும் உங்கள் அம்மாவிடம் அதைக் கேளுங்கள். வெட்கம் முதல் வாக்கியத்தோடு போய்விடும்.

இவ்வாண்டு விழாவுக்கு என் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.