மூணு கட்டை

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரை மணலில் இன்னொரு ஊர் முளைத்துவிடும். நாகை, காரைக்கால் பக்கத்து மீனவர்கள் படகு, வலை, சட்டி பானை சகிதம் வந்து கொட்டகை போடுகிறார்கள். தை, மாசி வரை குடித்தனம் இங்கேதான். அவர்களை நம்பி ஒரு பெட்டிக்கடை. அதன் பெஞ்சில் டீ கிளாசோடு உட்கார்ந்துவிட்டால், யார் கொட்டகையில் எது அணைந்துபோனது என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும்.

சைஸ் சொல்லி பேட்டரி கேட்பவர் இங்கே கிடையாது. அட்டையில் அச்சடித்த ஆங்கில எழுத்துகளைக் கடைக்கார அக்காவும் பார்ப்பதில்லை. செத்த கட்டையையோ அது கிடந்த சாமானையோ கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "இதே மாதிரி ரெண்டு குடு யக்கா."

முதலில் வந்தவர் கைலியை மடித்துக் கட்டிய பெரியவர். கையில் எவர்சில்வர் டார்ச். அடிமூடியைத் திருகிக் கவிழ்த்தார். மூன்று பெரிய கட்டைகள் பலகையில் உருண்டன. ஒன்றை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார்.

"ரெண்டு போதும் தாயீ. இது நல்லாத்தான் இருக்கு. வெயில்ல வச்சேன், எரிஞ்சுது."

"போட்டா மூணையும் புதுசாப் போடுண்ணே. பழசு ஒண்ணு உள்ள கெடந்தா புதுசு ரெண்டையும் தின்னுப்புடும்."

பெரியவர் முனகினார். அக்கா மூன்றாகவே எடுத்துவைத்தார். ஒரு கட்டைக்கு ஒன்றரை வோல்ட், மூன்றும் வரிசையாக நின்றால் நாலரை. அதில் ஒன்று முன்னதாகக் காலியானாலும் மற்ற இரண்டும் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். காலியானது கடைசியில் ஒழுகிவிடும். அக்கா இதை எங்கும் படித்திருக்க மாட்டார். ஒழுகிய டார்ச்சுகளின் ஸ்பிரிங்கில் பூத்த பச்சையை நிறையப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். வெயிலில் வைத்தால் எரியும் என்று பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. சூடேறினால் உள்ளே இருக்கும் மிச்சசொச்சம் கொஞ்ச நேரம் விறுவிறுப்பாக வேலை செய்யும். ஒரு ராத்திரிக்குத் தாங்குமா என்பது வேறு பேச்சு.

சார்ஜ் போடும் நெற்றி லைட்டு வந்த பிறகு இந்தப் பெரிய கட்டைக்கு மவுசு போய்விட்டது என்கிறார்கள். இந்தக் கொட்டகைகளில் பிளக் எங்கே இருக்கிறது? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களைப் பார்த்தவர்கள் கட்டை போடும் டார்ச்சைப் பரணில் ஏற்ற மாட்டார்கள்.

அடுத்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். சுவர்க்கடிகாரத்தையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒசந்ததாப் போடுக்கா, சும்மா சும்மா நின்னுபோவுது."

"கடியாரத்துக்கு ஒசந்தது எதுக்குடி? சாதா பென்சில் போதும், வருசம் ஓடும்."

வியாபாரி வாயிலிருந்து வந்த வார்த்தைதானா என்று திரும்பிப் பார்த்தேன். ஆனால் கணக்கு சரி. கடிகாரம் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கிறது. விலை கூடின ஆல்கலைன், ஓடுகிற பொம்மைக்கும் படகுக்காரர்கள் கையில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும்தான் பொருந்தும். கடலில் எல்லை தெரியாமல் போவது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. ஜிபிஎஸ்ஸுக்குக் கட்டை வாங்குகிறவர் மட்டும் பேரம் பேசுவதில்லை.

அந்தப் பெண்ணின் குழந்தை, பாட்டுப் பாடும் பொம்மைக்கு அழுதது. அதற்குத் தட்டையான பொத்தான் பேட்டரி. அக்கா அதைக் கைக்கெட்டாத தகர டப்பாவிலிருந்து எடுத்து, பொம்மைக்குள் தானே பொருத்தி, மூடியின் திருகாணியை முடுக்கிவிட்டுத்தான் கொடுத்தார். பழையதைக் குழந்தையின் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். செத்த பேட்டரியிலும் அந்த அளவுக்கு உயிர் மிச்சமிருக்கும்.

கடைக்குப் பின்னால் இரண்டு பையன்கள் பழைய கட்டையொன்றைக் கல்லால் தட்டிப் பிளந்துகொண்டிருந்தார்கள். வெளித் தகரம், அதற்குள் அரித்துச் சல்லடையாகிப்போன துத்தநாகக் கிண்ணம், ஈரக் கறுப்புப் பொடி, நடுவே கரிக்குச்சி. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் போடும் நவச்சாரம் இந்தக் கட்டைகளுக்குள்ளும் உண்டு. இப்போது பலவற்றில் அதற்குப் பதில் துத்தநாக உப்பு. கிண்ணம் வெறும் பாத்திரமில்லை, அதுதான் எரிபொருள். தன்னையே கரைத்துத்தான் வெளிச்சம் கொடுக்கிறது. அதனால்தான் கடைசியில் ஓட்டை விழுந்து ஒழுகுகிறது. அந்தக் கறுப்புப் பொடியை ஊமத்தை இலையோடு அரைத்துப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பூசியவர்கள் டெல்டாவில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பையன்களுக்கு அந்தச் சங்கதி தெரியவில்லை. கரிக்குச்சியை எடுத்துப் படகின் விலாவில் கோடு கிழித்தார்கள். பொடி மணலில் கிடந்தது.

மணலைக் காலால் சீய்த்தால் இன்னும் பல கட்டைகள் தட்டுப்படும். வலையின் கடைசி மிதவையில் மினுக்குகிற விளக்கின் கட்டைகள் எத்தனை கடலுக்குள் போயினவோ. 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்றதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அப்படி வாங்க வந்த ஆள் யாரையும் நான் இந்த மணலில் பார்த்ததில்லை.

பழைய இரும்புக்காரர் மட்டும் தவறாமல் வருகிறார். வண்டியை அவர் நிறுத்தியதும், ஒரு படகுக்காரர் பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைத் தோளில் சுமந்துவந்து இறக்கினார். ஆறு அறை, அறைக்கு இரண்டு வோல்ட், உள்ளே ஆசிட்டில் நிற்கும் ஈயத் தகடுகள். ஈயத்துக்கு விலை உண்டு, அதனால் அது மணலில் கிடப்பதில்லை.

பையன்கள் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கட்டை பொறுக்கி வந்தார்கள். "மாமா, இத எடுத்துக்கிறீங்களா?"

"அத யாருடா வாங்குறா? வேற இரும்பு கிரும்பு இருந்தா கொண்டா."

தொங்கு தராசை எடுத்தார். டிஜிட்டல் தராசு. எண் தெரியவில்லை. தட்டினார், குலுக்கினார், பிறகு கடைப்பக்கம் நடந்தார். "யக்கா, சின்ன பென்சில் ரெண்டு." புதியதைப் போட்டார், பழையது இரண்டையும் முதுகுக்குப் பின்னால் எறிந்தார், படகுக்காரரின் பேட்டரியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்.