மணலா, வெறுந்தரையா? மொனாக்கோ பாறை உச்சியில் ஒரு கடல் பாடம்

மொனாக்கோ என்றதும் பலருக்கும் ஞாபகத்துக்கு வருவது மான்டி கார்லோ சூதாட்ட விடுதியும், குறுகலான தெருக்களில் சீறிப் பாயும் ஃபார்முலா 1 கார்களும்தான். உலகின் இரண்டாவது சிறிய நாடு இது. பரப்பளவு சுமார் 2 சதுர கிலோமீட்டர். பிரான்ஸின் நீஸ் நகரில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

இந்தக் குட்டி நாட்டின் பழைய நகரம் ஒரு பெரிய பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. அந்தப் பாறையின் விளிம்பில், கடலுக்கு நேர் மேலே எழுந்து நிற்கிறது கடலியல் அருங்காட்சியகம். கடல் ஆராய்ச்சியில் தீராத ஆர்வம் கொண்ட இளவரசர் முதலாம் ஆல்பர்ட் கட்டியது. 1899-ல் அடிக்கல் நாட்டி, 1910-ல் திறந்தார்கள். ஆழ்கடல் படங்களால் உலகப் புகழ் பெற்ற ழாக் கூஸ்தோ 1957 முதல் 1988 வரை இதன் இயக்குநராக இருந்தார்.

அரண்மனை போன்ற முகப்பைத் தாண்டிக் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் வெளிச்சம் குறைந்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் நீலமும் ஆரஞ்சுமாக மீன்கள். நடுவே உயிருள்ள பவளங்கள். குழந்தைகள் எல்லோரும் மீன்களையே பார்க்கிறார்கள். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களின் கண் மட்டும் தொட்டியின் அடியைத் தேடும். அங்கே மணல் இருக்கிறதா, இல்லையா?

அடியில் என்ன நடக்கிறது?

மீன் சாப்பிடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது. அந்தக் கழிவிலிருந்து அமோனியா உருவாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பரந்த கடலில் இது பெரிய விஷயமில்லை. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். பாசி மண்டும், பவளம் நிறம் மங்கி நலியும்.

இதற்கு 1980-களில் ஒரு விடை சொன்னவர், நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ழான் ழோபேர். தொட்டியின் அடித்தளத்துக்குச் சற்று மேலே ஒரு சல்லடைத் தட்டைப் பொருத்தினார். அதன் மேல் பவள மணலைப் பல சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினார். தட்டுக்குக் கீழே மணல் இல்லாமல் வெறும் நீர் மட்டும் நிற்கும். மணலின் உள்ளே போகப் போக ஆக்ஸிஜன் குறையும். அந்த இடத்தில் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். வாயு குமிழியாகிப் போய்விடும். கூடவே, மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான கால்சியத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும்.

1989-லிருந்து மொனாக்கோவில் பவளங்கள் வளர்க்கப்படுகின்றன. இன்று உலகெங்கும் தொட்டி வைத்திருப்பவர்கள் 'ழோபேர் முறை' என்றும் 'மொனாக்கோ முறை' என்றும் சொல்வது இந்த மணல் படுகையைத்தான்.

எதிர்க்கட்சி

இதற்கு நேர் எதிரான பள்ளி 'பெர்லின் முறை'. அதில் பாக்டீரியாக்களுக்கு வீடு, துளைகள் நிறைந்த பாறைகள். கழிவு அழுகுவதற்கு முன்பே நுரையாகப் பிரித்தெடுக்க 'புரோட்டீன் ஸ்கிம்மர்' கருவி உண்டு. மணல் பெயருக்கு இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் சரி என்று ஒரு படி மேலே போனவர்கள், அடிக்கண்ணாடியை அப்படியே விட்டார்கள். அதுதான் வெறுந்தரைத் தொட்டி.

வெறுந்தரையில் அழுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. மூலையில் சேர்வதைக் குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். அக்ரோபோரா போன்ற பவளங்களுக்கு வேகமான நீரோட்டம் வேண்டும். மணல் இருந்தால் பம்பை முழு வேகத்தில் வைத்ததும் உள்ளே புழுதிப் புயல்தான். வெறுந்தரையில் அந்தக் கவலை இல்லை.

ஆனால் இழப்பும் உண்டு. இரவானதும் மணலுக்குள் புதைந்து தூங்கும் வண்ண மீன்கள் இருக்கின்றன. இன்னொரு ஜோடி இன்னும் அழகு. கண் பார்வை மங்கிய ஓர் இறால் மணலில் வளை தோண்டும். கோபி என்ற சின்ன மீன் வாசலில் காவல் நிற்கும். ஆபத்து வந்தால் மீன் உடலை அசைத்து எச்சரிக்கும். இரண்டும் உள்ளே ஓடிவிடும். மணல் இல்லாத தொட்டியில் இந்தக் குடித்தனம் நடக்காது.

மணலிலும் ஆபத்து உண்டு. ஆழமான படுகையில் வருடக்கணக்கில் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகலாம். மணலில் கறுப்புத் திட்டு, அழுகிய முட்டை வாடை இரண்டும் அதற்கு அடையாளம். சுத்தம் செய்கிறேன் என்று ஒரே நாளில் அந்த மணலைக் கிளறினால், காலையில் மொத்தத் தொட்டியும் செத்துக் கிடக்கலாம்.

ஆக, கேள்வி மிக எளிது. வேலையை யார் செய்வது? மணல் போட்டால் பாக்டீரியாவும் புழுக்களும் செய்யும். நீங்கள் கையை வைக்காமல் பொறுமையாக இருக்க வேண்டும். வெறுந்தரை என்றால் அந்த வேலை உங்களுடையது. வாரம் தவறக் கூடாது. இரண்டுக்கும் நேரமில்லாதவர்களுக்குக் கடல்நீர்த் தொட்டி வேண்டாம்.

கண்ணாடிக்கு வெளியே

இது பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை மட்டும் என்று ஒரு காலத்தில் சொல்லியிருக்கலாம். உலகம் முழுக்கப் பவளப்பாறைகள் வெளுத்துவருகின்றன. இது நான்காவது உலகளாவிய வெளுப்பு என 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. பவள இனங்களைத் தொட்டிகளில் பாதுகாத்து வைக்கும் முயற்சியில் மொனாக்கோவும் இறங்கியிருக்கிறது. பவளத்தைப் பல வருடம் உயிரோடு வைத்திருக்கும் அறிவு, இப்படி மணலை வைத்தும் எடுத்தும் பார்த்தவர்களிடமிருந்துதான் வந்தது.

இதே பாறையின் அடிவாரம் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. 1984-ல் அருங்காட்சியகத்துக்குக் கீழே உள்ள கடலில், சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு 'காலெர்பா டாக்ஸிஃபோலியா' என்ற பச்சைப் பாசி தென்பட்டது. மீன்தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கப்பட்ட ரகம் அது. பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவி, அங்கிருந்த கடற்புற்களை நெருக்கியது. எனவே மணல் படுகையைக் கலைப்பவர்கள் பழைய மணலையோ பாசியையோ தண்ணீரையோ கடலிலும் ஏரியிலும் கொட்டக் கூடாது. மணலை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் போகும்போது கரையில் கிடக்கும் பவளத் துண்டைத் தொட்டிக்கென்று எடுத்து வரக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்துக்கும் அது பொருந்தும்.

மொனாக்கோ போகிறவர்கள் மீன்களைப் பார்த்து முடித்ததும், கண்ணாடி அருகே ஒரு நிமிடம் குனிந்து அடியையும் பாருங்கள். மேலே தெரியும் அத்தனை நிறமும் அங்கேதான் பிழைத்துக்கொண்டிருக்கிறது.