கரிய வாவியும் எங்கள் வாவியும்

அச்சமூட்டும் திரைப்படங்களைக் கண்டு அஞ்சும் வயதைக் கடந்துவிட்டேன் என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு, விடுதி அறையில் நண்பர்களோடு ‘கிரியேச்சர் ஃப்ரொம் த பிளாக் லகூன்’ என்னும் பழைய அமெரிக்கப் படத்தைக் கண்ணுற்ற இரவில் அவ்வெண்ணம் பொய்த்தது.

1954இல் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது, ஜாக் ஆர்னோல்ட் நெறிப்படுத்தியது, பெருஞ்செலவில் உருவானதன்று. அமேசன் காட்டினுள் கிடக்கும் கரிய வாவியொன்றுக்கு ஆய்வாளர் சிலர் படகேறிச் செல்கின்றனர். அங்கு வாழும் செதிலுடற் பிராணியொன்று அவர்களைத் தாக்குகின்றது. கதை இவ்வளவே. அப்பிராணியோ இறப்பர் உடை பூண்ட மனிதன். தரையில் ஒருவரும், நீருக்கடியில் றிக்கோ பிறவுணிங் என்னும் நீச்சல் வீரருமாக இருவர் அவ்வேடத்தைத் தாங்கினர். உடையின் மடிப்புகள் தெரிந்தபோதெல்லாம் நண்பர்கள் நகைத்தனர். நானும் நகைத்தேன்.

ஒரு காட்சியில் என் நகைப்பு அடங்கிற்று. படகில் நிற்கும் கதாநாயகி சிகரெட் துண்டை நீரில் எறிகின்றாள். அடியிலிருந்து அந்தப் பிராணி மேலே நோக்குகின்றது.

எங்கள் வீடு படுவான்கரையில், வாவியோரம் உள்ளது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியை வெளியூரார் பாடும் மீனால் அறிவர். நாங்களோ முதலையாலும் அறிவோம். மீன் கழிவைக் குழி தோண்டிப் புதைக்குமாறு அம்மப்பா பணித்திருந்தார். பதினான்கு வயதில் எனக்குச் சோம்பல் மிகுதி. மாலைதோறும் வாளியையும் மண்வெட்டியையும் எடுத்துச் சென்று, தோணித் துறையருகே கண்டல் மரங்களின் மறைவில் கழிவை நீரிற் கவிழ்த்துவிட்டு வருவேன். நாளடைவில் நான் செல்லும் வேளைக்கு அவ்விடத்து நீர் அசையத் தொடங்கிற்று. பெரிய மீன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஓர் அதிகாலை, தோணி தள்ளச் சென்ற அம்மப்பாவின் காலை முதலை கவ்விற்று. கையிலிருந்த கம்பினால் அதன் முகத்தில் இடித்து உயிர் தப்பினார். ஆயினும், அந்தப் பாதம் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. அதனைக் கொன்றுவிட வேண்டுமென அயலவர் திரண்டனர். அம்மப்பா மறுத்தார். “தீன் கிடைச்ச இடத்துக்கு அது வந்திருக்கு. ஆரோ பழக்கியிருக்காங்க” என்றார். நான் வாய் திறக்கவில்லை.

படத்தின் முடிவிற் குண்டுபட்ட பிராணி ஆழத்தில் அமிழ்கின்றது. நண்பர்கள் விளக்கைப் போட்டனர். எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த விடுமுறையில் வீடு சென்று, ஏழாண்டுகள் மறைத்ததை அம்மப்பாவிடம் கூறினேன். அவர் வலைக்கண்ணிலிருந்து விழியெடுக்காமலே சொன்னார்:

“அண்டைக்கே தெரியும் மனே. மண்வெட்டியில ஒரு நாளும் மண் ஒட்டல்லயே.”

இப்பொழுது விடுமுறை நாள்களிற் குழி தோண்டுவது என் வேலை. அம்மப்பா திண்ணையில் இருந்தவாறே, ஆழம் போதாது என்பார்.