பத்து நாள்

ராத்தாவுக்குப் பிள்ளை கிடைத்து வீட்டுக்கு வந்த அன்று உம்மம்மா கேட்ட முதல் கேள்வி, "கொடிய என்ன செஞ்சாங்க மனே?"

அவட காலத்தில் மருத்துவிச்சி வீட்டுக்கே வருவாவாம். இளங்கொடியை வளவுக்குள், தென்னைக்குக் கீழே ஆழமாப் புதைப்பாங்களாம். நாய் கிளறிடக் கூடாது, அதுதான் கவலை. "ஆஸ்பத்திரிக் கழிவோட போயிருக்கும்" என்றேன். சொல்லும்போதே மனசு என்னவோ செய்தது.

காரணம், சாச்சாட மகன். அவனுக்கு லியுகேமியா. கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறி மஹரகமவுக்கு நானும் அவனோடு போய் வந்திருக்கிறேன். கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்கள் விழுந்து கிடக்கும் நாட்கள்தான் பயம். தேர்மோமீட்டர் 38ஐத் தாண்டினால் முழு வீடும் எழும்பிடும். கூடப்பிறந்த ஒருவரோடு முழுசாப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அவனுக்கு இருப்பது ஒரே தங்கச்சி, பொருந்தவில்லை.

அதற்குப் பிறகுதான் தொப்புள்கொடி இரத்தத்தைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற டொக்டர், ஃபான்கோனி இரத்தசோகை உள்ள ஒரு சிறுவனுக்கு அவன் தங்கச்சியின் கொடி இரத்தத்தை ஏற்றினார். அவன் பிழைத்தான். இந்தக் குருத்தணுக்கள் இளசு என்பதால் அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சிக்கல் அளவில்தான். ஒரு கொடியில் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு தேத்தண்ணிக் கோப்பை இரத்தம். சின்னப் பிள்ளைக்குப் போதும், வளர்ந்த ஆளுக்குப் பலநேரம் காணாது. உடம்பில் குடியேறவும் நாள் எடுக்கும்.

அப்போ ஆய்வுகூடத்தில் பெருக்கினால் என்ன? பெருக்கும்போது அவை முதிர்ந்து சாதாரண இரத்த அணுவாக மாறிப்போகும். குருத்துத்தன்மை போய்விடும். அந்த முதிர்ச்சியைத் தடுத்து வைக்க உதவியது நிக்கோடினமைட். நம்ம விட்டமின் பி3இன் ஒரு வடிவம்தான்! இதைச் சேர்த்து மூன்று வாரமளவில் வளர்த்தெடுப்பதுதான் 'ஒமிடுபிசெல்'. 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. 125 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில், சாதாரண கொடி இரத்தம் பெற்றவர்களுக்கு வெள்ளணு திரும்ப நடுத்தரமாக 22 நாள், இதைப் பெற்றவர்களுக்கு 12 நாள்.

பத்து நாள். தேர்மோமீட்டர் பிடிக்காதவங்களுக்கு இது சின்னக் கணக்கு.

2023இல் அறிவித்த விலை 338,000 டொலர். இதை உம்மம்மாவிடம் சொல்லவில்லை.

அவனிடம் மட்டும் சொன்னேன். விலையைக் கேட்டுச் சிரித்தான். பிறகு, "அந்தப் பன்னிரண்டு நாளும் ஆஸ்பத்திரியில தனியத்தான் இரிக்கணுமா?" என்றான்.

"ஓம்" என்றேன்.


"அப்ப போனுக்குச் சார்ஜர் வேணும்" என்றான்.