பண்ணவாடித் துறையில்

மேட்டூர் அணையை நம் மக்களுள் பலர் பூங்காவாகவும் பதினாறு கண் மதகாகவுமே அறிந்திருக்கின்றனர். ஞாயிறு பிற்பகலில் குடும்பத்தோடு வந்து, வறுத்த மீனை வாங்கித் தின்று, மதகின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, இருட்டுமுன் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ திரும்பிவிடுகின்றனர். அணைச்சுவரைக் கடந்து கொளத்தூர் சாலையில் மேலும் சிறிது தொலைவு சென்றால், அதே நீர் வேறொரு முகத்தைக் காட்டும். அங்கே பூங்கா இல்லை. கரையில் கவிழ்த்து வைத்த பரிசல்கள், காயும் வலைகள், நீருக்கு அப்பால் தர்மபுரி மாவட்டத்து நாகமரைக் கரை. அவ்வளவுதான். பண்ணவாடிப் பரிசல் துறை என்பது அதன் பெயர்.

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த பெரும்பணி இந்த அணை. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. நிறைந்த நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா மாவட்டங்களின் வயல்களுக்கு அது சோறு. ஆனால் நீர் தேங்க ஓர் இடம் வேண்டுமன்றோ? அந்த இடத்தில் ஊர்கள் இருந்தன; வயல், கிணறு, கோவில், கல்லறை எல்லாம் இருந்தன. கோடையில் நீர் நன்றாக இறங்கும்போது பண்ணவாடி அருகே இரட்டைக் கோபுரங்கொண்ட பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்று சிதைந்த மேனியுடன் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் சலகண்டேசுவரர் கோவிலின் நந்தி வெளிப்படும். செய்தித்தாள்கள் அப்போது படம் போடும். 2023 அக்டோபரில் நீர்மட்டம் 30 அடி அளவுக்குக் குறைந்தபோது எத்தனையோ பேர் அந்தச் சேற்றில் நடந்து போய்ப் பார்த்து வந்தனர்.

நம் பாட்டனாரின் நிலமும் அந்நீருக்கு அடியில்தான் கிடக்கிறது. இழப்பீடாக வந்த பணத்தையும் இரண்டு எருமைகளையும் கொண்டு அவர் தெற்கே நடந்தார் என்பது வீட்டுக் கதை. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலியாகச் சேர்ந்து, பிறகு குத்தகை எடுத்து, நம் தந்தையார் காலத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு உரிமை வந்தது. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் இராஜா வாய்க்கால்தான் அந்தக் கொடிக்காலுக்கு நீர் தந்தது. மேட்டூரில் திறந்தால் வாய்க்காலில் நீர். மேட்டூரில் அடைத்தால் கொடி வாடும். தம்மை வெளியேற்றிய நீரையே குடித்து அந்த மனிதர் எண்பது வயது வரை வாழ்ந்தார். அது பற்றி அவர் ஒரு சொல்லும் குறையாகச் சொன்னதில்லை என்று தந்தையார் பெருமையோடு கூறுவார். அது பெருமைக்குரியதா, அல்லது சொல்லிப் பயனில்லை என்று கண்டவரின் மௌனமா என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

இப்போது நம் தமையனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து இரண்டு ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் சேலத்து மருத்துவமனையில் நான்கு மணி நேரம் படுக்கை. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே நீர் பருகலாம். காப்பி, குழம்பு, மாத்திரை விழுங்கும் நீர் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். அரை லிட்டர்ப் புட்டி ஒன்றில் அவரே அளந்து ஊற்றி வைத்துக்கொள்வார். ஆசிரியரல்லவா, கணக்கு பிசகாது.

அவருடைய ஒரே மகன் கனடாவில், ஒன்டாரியோ மாநிலத்தில் பணிபுரிகிறான். அந்நாட்டின் வடபகுதியில் சாலையே இல்லாத ஏரிகள் ஆயிரக்கணக்கில் உண்டாம். நீரில் இறங்கும் சிறு விமானத்தில் குடும்பம் குடும்பமாகப் போய், மரக்குடில்களில் ஒரு வாரம் தங்கி, படகில் மீன் பிடித்து வருவது அங்கே கோடைக்கால வழக்கம். வால்ஐ என்ற மீனுக்குத்தான் மதிப்பு அதிகம். அதன் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதனால் மங்கிய வெளிச்சத்திலும் அதற்குப் பார்வை தெளிவு. அந்தி மயங்கும் வேளையில்தான் இரை தேடும். உரிமம் வாங்க வேண்டும். பல பகுதிகளில் ஒருவர் நான்கு மீனுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை கிடைத்த முதல் ஆண்டிலிருந்தே, "அப்பா, உங்களை அந்த ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி வந்தான். தமையனாரும் இளமையில் வேலூர்க் காவிரியில் தூண்டிலோடு கிடந்தவரே. ஆனால் டயாலிசிஸ் எந்திரத்தை விட்டு மூன்று நாள் தள்ளி நிற்க முடியாதவர் கடல் கடப்பது எங்கே? ஆகவே கனடா ஏரி பண்ணவாடிக்கு வந்தது.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கு கழிந்த பின், ஒரு புதன்கிழமை பிற்பகல் புறப்பட்டோம். செவ்வாய் டயாலிசிஸ் முடிந்துவிட்டது; வெள்ளிக்குள் திரும்பிவிடலாம். தமையனார், அண்ணியார், மகன், அவனுடைய பத்து வயது மகள், நாம். மருமகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பயணத்துக்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. மகன் தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தந்தைக்குக் கொடுக்கவே வந்திருந்தான். இரத்த வகை பொருந்தியிருந்தது. தந்தையோ பிடிவாதமாக மறுத்துக்கொண்டிருந்தார். நாமும் முன்பே முன்வந்தோம்; நமக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் மருத்துவர்கள் ஏற்கவில்லை. "ஃபாதர் சொன்னா கேட்பாரு, நீங்க பேசுங்க" என்று அண்ணியார் காரில் ஏறுமுன்பே நம் காதில் ஓதியிருந்தார்.

துறையில் நமக்காகக் காத்திருந்த பரிசல்காரர் மீன்வளத் துறையில் உரிமம் பெற்றவர், அறுபதைக் கடந்தவர். மூங்கில் பிளாச்சு முடைந்து, அடியில் தார் பூசிய பரிசல். முன்பெல்லாம் எருமைத்தோல் போர்த்தியிருப்பார்கள். எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார். தமையனார் ஒருவர் கையையும் பற்றாமல் ஏற முயன்று விளிம்பில் கால் வைத்தார், பரிசல் சாய்ந்தது. "நடுவுல கால வெய்யுங்க வாத்தியாரே, கையக் குடுங்க. இது பரிசலுங்க, ஒத்தையில ஏற முடியாது" என்று அவர் அதட்டினார். கை கொடுத்து ஏறினார்.

அணை ஏறக்குறைய நிறைந்திருந்தது. கரை விலக விலக, எல்லாப் புறமும் நீர். மகன் கனடாவிலிருந்து கொண்டுவந்த சுழல் தூண்டிலை எடுத்து, மின்னும் பொய்மீனைக் கட்டி வீசினான். நாற்பது முறை வீசியிருப்பான், ஒன்றும் சிக்கவில்லை. பரிசல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோதுமை மாவு உருண்டையைச் சிறுமியின் தூண்டிலில் கோத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவள் ஒரு ஜிலேபியைத் தூக்கிவிட்டாள்! இந்த ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். இந்தியாவுக்குள் 1952இல் கொண்டுவரப்பட்டது. தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்நாள்களில் அது சரியாக இரை எடுப்பதில்லை. இதைத் தமையனார் பேத்திக்கு வகுப்பில் சொல்வது போலவே விளக்கினார். அணையின் கட்லாவும் இந்தக் காவிரிக்குப் பிறந்ததன்று. வடக்கேயுள்ள பேராறுகளின் மீன். வந்தவையெல்லாம் இங்கே தழைத்துவிட்டன.

பொழுது சாயும் வேளையில் வலையை இறக்கினோம். செவுள் வலை என்பது துரத்திப் பிடிப்பதில்லை. நீருக்குள் திரைபோல் தொங்கும். இருட்டில் காணாமல் வரும் மீன் தலையை நுழைத்துச் செவுள் மாட்டிக்கொள்ளும். மாலையில் விட்டு விடியலில் எடுக்க வேண்டும். மிதவைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போன பரிசல்காரர் ஓரிடத்தில் துடுப்பை நீருக்குள் செங்குத்தாக நிறுத்தி, "சாமி, உங்க கோயிலு இதுக்கு அடியிலதானுங்க" என்றார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டோம். சிறுமி விளிம்பில் குனிந்து பார்த்தாள். பச்சை நீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தமையனார் மட்டும் வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் அவருடைய புட்டி. அதில் இரவுக்கு மீதம் இரண்டு மடக்கு. அத்தனை நீர் நடுவே அதைக் கண்டபோது நமக்குத் தொண்டை அடைத்தது.

அன்றிரவு துறையருகே பரிசல்காரரின் ஓட்டு வீட்டுத் திண்ணையில் தங்கினோம். பேத்தி உறங்கிய பின் பேச்சு எழுந்தது. பெற்றவன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமேயன்றிப் பிள்ளையின் உடலிலிருந்து எடுத்துத் தின்னக் கூடாது என்பது தமையனாரின் வாதம். அவனுக்கும் ஒரு மகள் உண்டே, நாளை அவளுக்கு ஒன்றென்றால்? இது வெறும் பாசம் என்று மட்டும் எழுதினால் உண்மையாகாது. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டிப் படிக்க வைத்தவர். வாழ்நாள் முழுதும் கொடுப்பவராகவே இருந்து பழகிவிட்டவர். அவருடைய மறுப்பில் அந்தச் செருக்கும் கலந்திருந்தது.

"தாத்தா இந்த ஊருக்கே நிலத்தைக் கொடுத்துட்டுப் போனார். யார்கிட்டயும் கை நீட்டல" என்றார் முடிவாக.

மகன் மெதுவாகச் சொன்னான்: "கொடுக்கலப்பா. அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க. அவர யாரும் கேக்கல. என்ன யாரும் கட்டாயப்படுத்தல. நானாத்தான் தரேன்னு சொல்றேன்."

அண்ணியார் நம் முகத்தைப் பார்த்தார். உறுப்புக் கொடை பற்றித் திருச்சபை கூறுவதை நாம் மறையுரைகளில் பலமுறை எடுத்துச் சொன்னதுண்டு. 1995இல் வெளிவந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடல் அதை உயர்வாகவே பேசுகிறது. அன்று அதை எடுத்துவிட மனம் வரவில்லை. கொடுப்பது பற்றியே நமக்கு இறையியல் கற்பித்தார்கள்; பெற்றுக்கொள்வது பற்றி எந்தப் பாடமும் நினைவுக்கு வரவில்லை. யோவான் நற்செய்தியின் இருபத்தோராம் அதிகாரம் மட்டும் நினைவில் எழுந்தது. இரவெல்லாம் ஒன்றும் அகப்படாத சீடர்கள் விடியலில் 153 பெரிய மீன்களோடு கரைக்கு வருகின்றனர். கரையில் ஆண்டவர் தணல் மூட்டி, அதன்மேல் மீனும் அப்பமும் ஏற்கெனவே வைத்திருக்கிறார். இருந்தும், அவர்கள் பிடித்ததிலிருந்தும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அவருக்கு அது தேவையா? அந்த உணவு முடிந்த பின்னரே, முதுமையில் நீ கைகளை விரிப்பாய், வேறொருவன் உன்னை நடத்திச் செல்வான் என்ற பொருளில் பேதுருவிடம் பேசுகிறார். மறைசாட்சிய மரணத்தைக் குறித்தது அச்சொல் என்பது உண்மை. எனினும் முதியோர் படுக்கையருகே நிற்கும்போதெல்லாம் நமக்கு அதுவே தோன்றும். இந்த நிகழ்ச்சியை மட்டும் தமையனாருக்குச் சொன்னோம். அறிவுரை ஏதும் சேர்க்கவில்லை. அவர் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடியலில் வலை எடுத்தோம். கட்லா மூன்று, வாளை ஒன்று, ஜிலேபி கூடை நிறைய. வாளையைக் கண்டதும் மகன் கனடா மீனை அடியோடு மறந்துவிட்டான் போலும். அதன் மீசையையும் வாயையும் விதவிதமாகப் படம் எடுத்தான். அண்ணியார் திண்ணையோரம் அடுப்பு மூட்டி வறுத்துக் கொடுத்தார். மருத்துவர் அனுமதித்த அளவுக்குத் தமையனார் ஒரு துண்டு மட்டும் உண்டார், குழம்பைத் தொடவில்லை. பரிசல்காரர் இரண்டு கட்லாவைப் பனையோலையில் சுற்றிக் கொடுத்து, பணம் வாங்க மறுத்தார். தமையனார் இருமுறை நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நோட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மேட்டூரைத் தாண்டும் வரை எவரும் பேசவில்லை. மேச்சேரி நெருங்கும்போது பின்னிருக்கையிலிருந்து தமையனார் மகனிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் வா. டாக்டர் என்ன சொல்றார்னு ரெண்டு பேருமாக் கேட்டுக்குவோம்" என்றார். நாம் முன்னிருக்கையில் இருந்தோம்; திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியார் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது.

இதை எழுதும் நாளில் பரிசோதனைகள் சில எஞ்சியிருக்கின்றன. மகன் விடுப்பை நீட்டித்திருக்கிறான். பேத்தி மட்டும் பள்ளிக்காகத் திரும்பிவிட்டாள். பரிசல்காரர் நேற்றுத் தொலைபேசியில் அழைத்து வாத்தியாரின் நலம் கேட்டார். நீர் இறங்கத் தொடங்கிவிட்டதாம்; கோபுரம் தெரிந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.